அரசர்களுக்கு ஆடை வரைந்தவர்: ஷாதி அப்தல் சலாம், ஒரு நிகழ்வு ஆய்வு

எகிப்தியரான ஷாதி அப்தல் சலாம் இயக்கிய முழுநீளப் படம் ஒன்றே ஒன்றுதான். 1969இல் முடிந்த 'அல்-மூமியா', அதாவது 'மம்மி'. 'ஆண்டுகளை எண்ணும் இரவு' என்பது அதன் இன்னொரு பெயர். 2013இல் துபாய் திரைப்பட விழா அரபுலகின் தலைசிறந்த 100 படங்களைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடத்தியபோது முதலிடம் இதற்கே கிடைத்தது. படம் முடிந்தபின் அவர் 17 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். உடலில் தெம்பும் கையில் முழுமையாக எழுதிய திரைக்கதையும் இருந்தன. அந்தக் கதைக்கான அரண்மனை, அரியணை, அணிகலன், காலணி எல்லாவற்றையும் வரைந்தும் வைத்திருந்தார். ஆனாலும் இரண்டாவது படம் நடக்கவில்லை.

பணம் கிடைக்கவில்லை, அரசு கைவிட்டது என்பார்கள். பொய்யில்லை; ஆனால் பாதிதான். முதல் படத்தைப் பெரிதாக்கிய அதே வேலைமுறை இரண்டாவது படத்தைப் படச்சுருளுக்கு வரவிடாமல் தாளிலேயே நிறுத்தியது என்பது என் கணிப்பு. ஆகவே இயக்குநர் ஷாதியை ஒதுக்கிவிட்டு, வடிவமைப்பாளர் ஷாதியிடமிருந்து தொடங்குகிறேன்.

கட்டடக் கலைஞர்

1930 மார்ச் 15 அன்று அலெக்சாந்திரியாவில் பிறந்தார். குடும்பத்தின் வேர் தெற்கே, நைல் கரையிலுள்ள மின்யா பகுதியில். பள்ளிப் படிப்பு அலெக்சாந்திரியாவின் விக்டோரியா கல்லூரியில். கிரேக்கர், இத்தாலியர், யூதர், சிரியர், எகிப்தியர் எல்லோரும் ஒரே தெருவில் வாழ்ந்த துறைமுக நகரம் அது. ஆங்கிலேய முறைப் பள்ளி இது. அங்கே படித்த பையனுக்கு எகிப்தின் பழமை பாடப்புத்தகத்தைவிட ஊர்ப்பக்கமிருந்தே கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்து சென்று சிறிது காலம் நாடகக் கலை பயின்றார். திரும்பி வந்து கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் கட்டடக்கலை படித்து 1955இல் பட்டம் பெற்றார். அடுத்து, ராம்செஸ் விஸ்ஸா வாசெஃப் என்ற கட்டடக் கலைஞரிடம் உதவியாளராக வேலை பார்த்தார்.

விஸ்ஸா வாசெஃப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. கிஸா பிரமிடுகளுக்கு அருகிலுள்ள ஹர்ரானியா கிராமத்தில் மண் செங்கல்லால் வளைகூரைக் கட்டடங்கள் எழுப்பி, கிராமத்துப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்தவர் அவர். அங்கே ஒரு கறாரான விதி இருந்தது: நெய்வதற்கு முன் வரையக் கூடாது. மனத்தில் உள்ள மரமும் கழுதையும் நூலிலேயே உருப்பெற வேண்டும். பெரியவர்கள் குறுக்கே புகுந்து திருத்தவும் கூடாது. அந்தக் கம்பளங்கள் உலக அருங்காட்சியகங்களுக்குப் போயின. கட்டடங்கள் 1983இல் ஆகா கான் விருது பெற்றன.

வரையாமல் செய் என்ற ஆசிரியரிடம் வேலை பழகியவர், பின்னாளில் ஒரு பொத்தானைக்கூட வரையாமல் படமெடுக்க மறுத்தார். இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணின் பொருளைக்கொண்டு மண்ணின் வடிவத்தைச் செய்வது என்ற பாடத்தை மட்டும் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார். முறையை எடுத்துக்கொள்ளவில்லை.

கூலிக்கு வரைந்த ஆண்டுகள்

திரைத்துறையில் கீழ்ப்படியிலிருந்துதான் ஏறினார். சலா அபு செய்ஃப் போன்ற இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்தார். பிறகு செட்டும் ஆடையும் அவர் கைக்கு வந்தன. 1961இல் 'வா இஸ்லாமா', 1962இல் 'அல்மாஸும் அப்து அல்-ஹமூலியும்', 1963இல் யூசுஃப் ஷாஹீனின் 'சலாஹுத்தீன்'. கடைசிப் படம் அதிபர் நாசர் காலத்து அரபு தேசியத்தின் வண்ணக் கொடியேற்றம். சிலுவைப் போர் வீரர்களின் கவசமும் சுல்தானின் மேலங்கியும் அன்றைய எகிப்தியத் திரையில் அதுவரை காணாத அளவில் வந்தன.

அடுத்து வெளிநாட்டார் அழைத்தார்கள். ஹாலிவுட்டின் 'கிளியோபாட்ரா' செட் வேலைகளில் அவருக்குப் பங்கு இருந்தது. போலந்து இயக்குநர் யேர்ஷி கவாலெரோவிச் 1966இல் வெளியிட்ட 'ஃபாரோ' படத்துக்கு வரலாற்று ஆலோசகராகவும், செட், ஆடைப் பிரிவுகளின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பது தெரியும். முன்னதில் எகிப்து நகைக்கடை போல் மினுங்குகிறது. பின்னதில் மணலும் லினன் துணியும் வியர்வையும் இருக்கின்றன. மஞ்சளிலும் பழுப்பிலும் அடங்கிய நிறங்கள். 'அல்-மூமியா'வின் வறண்ட நிறத்தட்டுக்கான ஒத்திகை அந்தப் போலந்துப் படத்திலேயே நடந்துவிட்டது எனலாம்.

இதற்கிடையே 1963 முதல் 1969 வரை கெய்ரோ திரைப்பட உயர்கல்வி நிறுவனத்தில் செட், ஆடை, இயக்கம் ஆகியவற்றைக் கற்பித்தார். அங்கே அவரிடம் பயின்ற சலா மரெய் என்பவரே பிறகு 'அல்-மூமியா'வின் கலை இயக்குநர்.

1881இல் நடந்தது

படத்தின் கதை உண்மைச் சம்பவம் ஒன்றிலிருந்து எழுகிறது. அவர் அதில் எதை விட்டார், எதை மாற்றினார் என்பதில்தான் அவருடைய கை தெரிவதால், சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லக்ஸர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் குர்னா கிராமம். கல்லறைகளின் மேலேயே வீடு கட்டி வாழ்ந்தவர்கள் அவ்வூரார். 1870களின் தொடக்கத்தில் அப்த் எல்-ரசூல் குடும்பத்தினர் டெய்ர் எல்-பஹ்ரி பாறைச்சரிவில் கிணறு போல் இறங்கும் ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 12 மீட்டர் ஆழம். அடியில் நீண்ட சுரங்க வழி. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள். இரண்டாம் ராம்செஸ், முதலாம் செத்தி, மூன்றாம் துட்மோஸ், முதலாம் அஹ்மோஸ் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பக்கங்களில் இருக்கவேண்டிய அரசர்கள் ஒரே இருட்டில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பழங்காலத்திலேயே கொள்ளைக்கு அஞ்சிய பூசாரிகள் அவர்களைச் சொந்தக் கல்லறைகளிலிருந்து எடுத்து இங்கே ஒளித்துவைத்திருந்தனர்.

குடும்பம் அவசரப்படவில்லை. வீட்டு உண்டியலைத் திறப்பதுபோல, தேவைப்பட்டபோது மட்டும் இறங்கி ஒரு பாப்பிரஸ் ஏட்டையோ சிலையையோ எடுத்து விற்றது. ஏறத்தாழ 10 ஆண்டுகள் இது நடந்தது. லக்ஸரில் வெளிநாட்டுத் தூதரகங்களின் முகவராக இருந்த முஸ்தஃபா ஆகா அயாத் வழியாகப் பொருள்கள் கைமாறின. தூதரகப் பாதுகாப்பு இருந்ததால் அவரைத் தொட முடியவில்லை. அரச குடும்பப் பெயர்கள் பொறித்த பொருள்கள் சந்தையில் தலைகாட்டியதைக் கண்ட தொல்பொருள் துறைத் தலைவர் காஸ்தோன் மாஸ்பெரோ தேடத் தொடங்கினார். அகமது, ஹுசைன் என்ற சகோதரர்கள் பிடிபட்டு, கெனா ஆளுநர் தாவூத் பாஷாவின் அடியாட்களிடம் சித்திரவதைப்பட்டார்கள். வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியதும் பங்குத் தகராறு மூண்டது. 1881 ஜூனில் மூத்தவர் முகமது அதிகாரிகளிடம் போய் இடத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கு 500 பவுண்ட் பரிசும் அகழாய்வுப் பணியில் ஒரு வேலையும் கிடைத்தன.

ஜூலை 6 அன்று குழியில் இறங்கியவர் ஜெர்மானியரான எமில் ப்ரூக்ஷ். மாஸ்பெரோ அப்போது ஐரோப்பாவில். ப்ரூக்ஷுடன் எகிப்திய உதவியாளர் அகமது கமாலும் போயிருந்தார். இரண்டே நாளில் குழி காலியானது. நீராவிக் கப்பல் அரசர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே நகர்ந்தபோது, கரையில் பெண்கள் தலைவிரி கோலமாக ஓலமிட்டார்கள். ஆண்கள் இழவு வீட்டு வழக்கப்படி துப்பாக்கி வெடித்தார்கள். 3000 ஆண்டுகளுக்கு முன் செத்தவர்களுக்கு, அவர்களைத் திருடி விற்ற ஊரே அழுதது.

அவர் செய்த மாற்றங்கள்

இத்தனை நாடகம் நிறைந்த சம்பவம் வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் சித்திரவதையும் துரத்தலும் துப்பாக்கிச் சத்தமும்தான் படமாகியிருக்கும். ஷாதி ஒரு கட்டடக்காரரைப் போல, சுமை தாங்காத சுவர்களை இடித்துத் தள்ளினார். தாவூத் பாஷா இல்லை. பரிசுப்பணம் இல்லை. பங்குத் தகராறில் காட்டிக்கொடுத்த நடுவயது முகமதுவின் இடத்தில், தந்தையை இழந்த வனீஸ் என்ற இளைஞன் வருகிறான். இனக்குழுவின் இரகசியம் தந்தையின் சாவுக்குப்பின் அவனுக்கும் அண்ணனுக்கும் கைமாறுகிறது. பெரியப்பன்மார் இருவரையும் கல்லறைக்குள் கூட்டிப்போய், ஒரு மம்மியின் கழுத்திலிருந்து கண் வடிவத் தங்க ஆரத்தை வெட்டியெடுக்கிறார்கள். மறுக்கும் அண்ணன் கொல்லப்படுகிறான். இத்தனை நாள் தான் உண்ட சோறு எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்ட ஒருவன் இனி எப்படி உண்பது? கதை அந்தக் கேள்விக்குள் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது மாற்றம் இன்னும் துணிச்சலானது. ப்ரூக்ஷை அகற்றிவிட்டு, உதவியாளராக இருந்த அகமது கமாலைத் தலைமைக்குக் கொண்டுவந்தார். உண்மையான கமால் எகிப்தியரில் முதல் தலைமுறை எகிப்தியலாளர். பண்டைய எகிப்திய மொழிக்கு 22 தொகுதிகளில் அகராதி தொகுத்து, அது அச்சேறுவதைக் காணாமல் 1923இல் இறந்தவர். வரலாற்று ஆலோசகராகப் பிழைப்பு நடத்திய ஷாதிக்கு ப்ரூக்ஷ் யாரென்று தெரியாதா? தெரிந்தே செய்தார். எகிப்தியன் ஒருவன் எகிப்தியன் ஒருவனிடம் தன் முன்னோரை ஒப்படைப்பதாகக் கதை அமைய வேண்டியிருந்தது. வரலாற்றின்படி இது தவறு. ஆனாலும் அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் படம் வெள்ளைக்காரத் துரைக்குத் துப்புக்கொடுத்த கதையாகிவிடும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1967 ஜூனில் இஸ்ரேலுடன் நடந்த போரில் எகிப்து தோற்றுச் சினாயை இழந்த மறு ஆண்டு படப்பிடிப்பு தொடங்கியது. அதே 1968இல்தான் அபு சிம்பெல் கோயிலை அணை நீரில் மூழ்காதபடி அறுத்து மேட்டுக்கு மாற்றிய வேலை முடிந்தது. அதற்குப் பின்னிருந்த பண்பாட்டு அமைச்சர் தர்வத் ஒகாஷாவின் ஒப்புதலால்தான் இந்தப் படமும் சாத்தியமானது. மனித நாகரிகம் பற்றிய தன் தொடருக்கு ஷாதியை வடிவமைப்பாளராக வைத்திருந்த இத்தாலிய இயக்குநர் ரொபெர்த்தோ ரொசெல்லினி, திரைக்கதையைப் படித்துவிட்டு அமைச்சரிடம் பரிந்துரைத்தார். முதற்படக்காரருக்கு இப்படி ஒரு சிபாரிசு அமைவது அபூர்வம். அது இரண்டாவது முறை அமையவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

நிறம், மொழி, நடை

படம் ஓர் இருட்டறையில் தொடங்குகிறது. மாஸ்பெரோ பண்டைய எகிப்தியரின் இறந்தோர் நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கிறார்: தன் பெயரை நினைவுகூர முடியாத ஆன்மா அலைந்து திரியும். முடிவில் கமால் விளக்கோடு குழிக்குள் இறங்கி, சவப்பெட்டிகளின்மீது எழுதப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரமும் இந்த இரண்டு வாசிப்புகளுக்கு இடையே கட்டிய நடைபாதைதான்.

அந்த நடைபாதையில் நிறம் கிடையாது. மணல், சுண்ணாம்புக் கல், கறுப்பு அங்கிகள், விடியலின் சாம்பல் நீலம், அவ்வளவே. மலைமக்கள் கறுப்பில் உறைந்து நிற்கும் காட்சிகளில் ஆடையே செட்டாகிவிடுகிறது. பாறையோடு பாறையாக மனிதர்கள் தெரிகிறார்கள். கெய்ரோவிலிருந்து வந்த எஃபெண்டிகளின், அதாவது படித்த அதிகாரிகளின், தார்பூஷ் தொப்பியும் பொத்தான் போட்ட கோட்டும் அந்த நிலப்பரப்பில் வேற்றுக்கிரகப் பொருள்கள். சிதைந்த சிலையொன்றின் பிரம்மாண்டக் கல் முஷ்டி திரையை நிறைக்க, அதன் பக்கத்தில் வனீஸ் சின்னஞ்சிறு உருவமாக நிற்கும் காட்சி ஒரு கட்டடக் கலைஞரின் அளவுகோல் இல்லாமல் பிறந்திருக்காது. இத்தனை வறட்சிக்குப் பிறகு விளக்கொளியில் சவப்பெட்டிகளின் மஞ்சளும் சிவப்பும் நீலமும் தோன்றும்போதுதான், நமக்கு இவ்வளவு நேரம் நிறம் மறுக்கப்பட்டிருந்தது என்பதே உறைக்கிறது. ஒளிப்பதிவு அப்தல் அஸீஸ் ஃபஹ்மி. இசை இத்தாலியரான மரியோ நாஷிம்பேனே. இசையென்று பிரித்துச் சொல்ல முடியாதபடி காற்றோடு கலந்திருக்கிறது.

பாத்திரங்கள் பேசுவது செவ்வியல் அரபு. எகிப்தியப் படங்கள் கெய்ரோ பேச்சுவழக்கில் பேசியே அரபுலகை வென்றவை. இதில் மலைக்கிராமத்துத் திருடன் இலக்கண சுத்தமாகப் பேசுகிறான். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரண்டு மொழியோடு வாழும் நமக்கு இதன் விசித்திரத்தை விளக்க வேண்டியதில்லை. பண்டைய எகிப்திய மொழியில் பேசவைக்க முடியாது, தெருப்பேச்சும் வேண்டாம், ஆகவே யாருடைய வீட்டிலும் பேசாத, எல்லோருடைய ஏட்டிலும் இருக்கிற மொழி. இதையும் ஓர் ஆடைத் தேர்வாகவே காண்கிறேன். உரையாடலை எழுதியவர் எழுத்தாளர் அலா அல்-தீப்.

குறையும் உண்டு. படத்தில் பெண்கள் ஏறத்தாழ உருவங்களாக மட்டுமே வருகிறார்கள். நட்சத்திரமான நதியா லுத்ஃபி சிறு பாத்திரத்தில் வந்துபோகிறார். தாயின் சாபம் ஒன்றுதான் பெண்குரலாக மனத்தில் நிற்கிறது. குர்னாக்காரர்களின் வறுமை வாயால் சொல்லப்படுகிறதே தவிர, சட்டியிலோ அடுப்பிலோ தெரிவதில்லை. அழகாக அடுக்கப்பட்ட காட்சியில் பசிக்கு இடம் குறைவு. அந்த மக்களைத் திருடர்களாக மட்டும் பார்த்த அரசு, 1940களில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியைக்கொண்டு மண் செங்கல்லில் புதிய குர்னா கட்டி அவர்களைக் குடிபெயர்க்கப் பார்த்தது. அவர்கள் போகவில்லை. ஃபாத்தியும் விஸ்ஸா வாசெஃபும் நண்பர்கள், ஒரே மண்ணை நம்பியவர்கள். 2006 இறுதியில் புல்டோசர்கள் பழைய குர்னாவை இடிக்கத் தொடங்கின. ஷாதியின் படம் இப்போது அந்த மலைச்சரிவின் பழைய முகத்துக்கும் ஒரு சாட்சி. அவர் திட்டமிட்டதில் இது இருந்திருக்காது.

கைதட்டல் வெளியே, காத்திருப்பு உள்ளே

1970இல் வெனிஸ் விழாவில் படம் திரையிடப்பட்டது. அதே ஆண்டு பிரான்சின் ஜார்ஜ் சாதூல் பரிசு கிடைத்தது. எகிப்தில் திரையரங்குக்கு வந்தது 1975இல்தான். படம் எடுத்த நாட்டின் மக்கள் அதைக் கடைசியில் பார்த்தார்கள், பார்த்தவர்களும் சிலரே.

1970இல் 'வாக்கு வன்மையுள்ள விவசாயி' என்ற, சுமார் 20 நிமிடக் குறும்படம். பண்டைய எகிப்தின் மத்திய இராச்சியக் காலத்துப் பாப்பிரஸ் கதை அது. கழுதைகளைப் பறிகொடுத்த விவசாயி நீதி கேட்டு அதிகாரியிடம் முறையிடுகிறான். அவன் பேச்சு அத்தனை அழகாக இருப்பதால், பதில் சொல்லாமல் இழுத்தடியுங்கள், அவன் பேசிக்கொண்டே இருக்கட்டும், எழுதி வையுங்கள் என்று அரசனே ஆணையிடுகிறான். ஒன்பது முறை முறையிட்ட பிறகே நீதி கிடைக்கிறது. அமைச்சகத்தின் பரிசோதனைத் திரைப்பட மையத்துக்குத் தலைவராக இருந்துகொண்டே, அடுத்த படத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கப்போகிற ஒருவர் இந்தக் கதையை எடுத்திருக்கிறார் என்பது சற்றுக் கசப்பான நகைச்சுவை.

அடுத்து ஆவணப்படங்கள். 1973 அக்டோபர் போர் பற்றிய 'சூரியனின் படைகள்', துட்டன்காமுனின் தங்க நாற்காலி பற்றி ஒன்று, பிரமிடுகள் பற்றி ஒன்று என வந்தன. நாற்காலிப் படத்தில் ஒரு மரவேலைப் பொருளை அவர் பார்க்கும் பார்வை தனி. மற்றவற்றை அவருடைய முழுத்திறனுக்குச் சான்றாகச் சொல்ல மாட்டேன்.

பெரிய வீடு

அவர் உயிரைக் கொடுத்து வளர்த்தது பண்டைய எகிப்திய அரசன் அக்னாதன் பற்றிய படம். 'பெரிய வீட்டின் துயரம்' என்று பெயர் வைத்திருந்தார். ஃபாரோ என்ற சொல்லின் வேர்ப்பொருளே பெரிய வீடு என்பதுதான்; அரண்மனையைக் குறித்த சொல் பின்னர் அரசனைக் குறிப்பதாயிற்று. பழைய தெய்வங்களை ஒதுக்கி, சூரியத் தட்டான ஆதனை மட்டும் வணங்கச் சொல்லி, புதுத் தலைநகரமே கட்டிய அரசன் கதை. அந்தத் தலைநகரின் இடிபாடுகள் கிடக்கும் அமர்னா, ஷாதி குடும்பத்தின் மின்யா மாகாணத்தில்தான் இருக்கிறது.

1974 முதல் 1985 வரை திரைக்கதையைத் திருத்தித் திருத்தி எழுதினார், வரைந்தார். காட்சிக்குக் காட்சி கோணம், அரசி நெஃபர்டிட்டியின் தலையணி, மேலாடையின் மடிப்பு, பல்லக்கின் கைப்பிடி. இங்கேதான் இரு கணக்குகள் முட்டிக்கொண்டன. நாசர் காலத்தில் படத்துக்குப் பணம் போட்ட அரசு, 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பிலிருந்து விலகியது. சந்தைத் தயாரிப்பாளருக்கு வேண்டியது நட்சத்திரமும் பாட்டும். ஷாதிக்கோ படம் எகிப்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும், வரைந்தது வரைந்தபடியே திரைக்கு வர வேண்டும்.

செலவைக் குறைக்கத் தெரிந்த கலைஞர் ஓர் அரண்மனையை ஒரு தூணாலும் ஒரு நிழலாலும் காட்டிவிடுவார். ஷாதிக்கும் அது தெரியாததல்ல. வெறும் மலையையும் கறுப்புத் துணியையும் வைத்தே முதல் படத்தை நிமிர்த்தியவர். ஆனால் 'அல்-மூமியா'வில் இடிபாடு கதைக்குள்ளேயே இருந்தது. லக்ஸரே செட். தூண்களும் சிலைகளும் கல்லறைகளும் சும்மா கிடைத்தன. அவர் செய்யவேண்டியிருந்தது பெரும்பாலும் விலக்குவதுதான். அக்னாதன் கதையிலோ நகரம் புத்தம்புதிதாக, சுண்ணாம்பு காயாமல் நிற்க வேண்டும். எதுவும் சும்மா கிடைக்காது. எல்லாவற்றையும் கட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வரைபடம் கூடக் கூட, கட்டவேண்டிய வீடும் பெரிதாகிக்கொண்டே போனது. காத்திருந்த நேரத்தில் வரைந்தார். வரைந்ததால் மேலும் காத்திருக்க நேர்ந்தது.

1986 அக்டோபர் 8 அன்று புற்றுநோயால் காலமானார். வயது 56.

'அல்-மூமியா' 2009இல் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் உலகத் திரைப்பட அறக்கட்டளை முயற்சியால், இத்தாலியின் பொலோஞ்ஞாவில் மீட்டெடுக்கப்பட்டு கான் விழாவில் திரையிடப்பட்டது. அவருடைய புத்தகங்களும் மேசை நாற்காலிகளும் அக்னாதன் வரைபடங்களும் அலெக்சாந்திரியா நூலகத்தில் நிரந்தரக் கண்காட்சியாக இருக்கின்றன.

2021 ஏப்ரல் 3 மாலை, கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்திலிருந்து 22 அரச மம்மிகள் ஃபுஸ்தாத்தில் உள்ள புதிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகப் போயின. பொன்னிறம் பூசிய வாகனங்கள், ஒளிவெள்ளம், இசைக்குழு, பண்டைய பாணி ஆடையணிந்த பெண்கள். 1881இல் குழியிலிருந்து எடுத்தவர்களில் பலர், இரண்டாம் ராம்செஸும் செத்தியும் உட்பட, அந்த வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொரு வாகனத்திலும் அரசரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அக்னாதனின் தந்தை மூன்றாம் அமென்ஹோதெப் போனார். தாய் தியேயும் போனாள். அக்னாதன் அதில் இல்லை.